குடும்ப டிரஸ்ட்: யாருக்குத் தேவை, எங்கே தவறுகிறது?

திருநெல்வேலிப் பக்கம் பிள்ளைகளுக்குச் சொத்தைக் கொடுக்கச் செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதுவதுதான் வழக்கம். பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்பவர்கள் என்றால் அதுவே போதும். பெற்றவர்கள் காலத்துக்குப் பிறகு சொத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை இருக்கும் வீட்டுக்குத்தான் குடும்ப டிரஸ்ட் உண்மையில் உதவும்.

அம்பாசமுத்திரத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை, பாளையங்கோட்டையில் வாடகைக்கு விட்ட வீடு, ஆட்டிசம் உள்ள மகன் என்று வைத்துக்கொள்வோம். மகன் பேரிலேயே எழுதினால், 18 வயதுக்குப் பிறகும் அவனுக்காக யார் கையெழுத்துப் போடுவது என்ற சிக்கல் வரும். அக்காள் பேரில் எழுதினால், அவளுக்குக் கடன் வரும்போது அந்த வீடும் சேர்ந்து போகும். டிரஸ்டில் சொத்து, அதை நிர்வகிக்க நீங்கள் நியமிக்கும் டிரஸ்டி பேரில் இருக்கும். பலன் மகனுக்கு மட்டும். டிரஸ்டியின் சொந்தக் கடனுக்கு அதைத் தொட முடியாது. பிசானப் பருவ நெல் விற்ற பணமும் வீட்டு வாடகையும் டிரஸ்ட் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அதிலிருந்து மருந்து, தெரபி, பராமரிக்கும் ஆளின் சம்பளம் என்று எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்பதைப் பத்திரத்திலேயே விரிவாக எழுதிவிடுங்கள்.

அதிகம் பார்க்கும் தவறு ஒன்று உண்டு. ஆயிரம் ரூபாய் மூலதனத்தில் டிரஸ்ட் பத்திரத்தைப் பதிந்துவிட்டு, வீடும் வயலும் டிரஸ்டுக்குள் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டப்படி, அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரம் மூலமாகவோ உயில் மூலமாகவோதான் டிரஸ்டில் சேர்க்க முடியும். சர்வே எண், அளவு, நான்கெல்லையோடு சொத்து விவரம் அதில் இருக்க வேண்டும். பிறகு பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாவற்றிலும் பெயர் மாற்ற வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு உள்ள முத்திரைத்தீர்வைச் சலுகை டிரஸ்டுக்கும் தானாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வரைவைச் சார்பதிவாளரிடம் முன்கூட்டியே காட்டிக் கேளுங்கள். பூர்வீகச் சொத்தில் அப்பா தன் பங்குக்கு மட்டுமே டிரஸ்ட் எழுத முடியும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு இந்துக் குடும்பத்தில் மகளும் பிறப்பாலேயே பங்குதாரர்.

மூன்று டிரஸ்டிகள் என்றால், பத்திரம் வேறு மாதிரி சொல்லாதவரை மூவரும் சேர்ந்தே செயல்பட வேண்டும். ஒருவர் மும்பையில், ஒருவர் துபாயில் இருந்தால் செக்கில் கையெழுத்து வாங்குவதற்குள் மாதம் ஓடிவிடும். ‘இருவர் கையெழுத்துப் போதும்’ என்ற ஒரு வரி இந்தத் தொல்லையைத் தீர்க்கும்.

‘சந்திர சூரியர் உள்ளவரை விற்கக் கூடாது’ என்று எழுதச் சொல்பவர்கள் இன்னும் உண்டு. கோயில் கட்டளைக்கு, அதாவது கோயில் பூசை, விழாவுக்கென எழுதிவைக்கும் சொத்துக்கு, அது சரி. பேரன் பேத்திகளுக்கான டிரஸ்டில் செல்லாது. இப்போது உயிரோடு இருப்பவர்களின் ஆயுட்காலம், அதன் பின் அடுத்த வாரிசு மேஜராகும் 18 வருடம்: சட்டம் அனுமதிக்கும் எல்லை அவ்வளவுதான்.

“அண்ணாச்சி, பேங்க் நோட்டீஸ் வருமுன்னே டிரஸ்ட் போட்டிரலாமா?” என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம். கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்த மாற்றத்தைச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 53ஆம் பிரிவின் கீழ் அவர் ரத்து செய்யக் கோரலாம். ஏற்கெனவே அடமானத்தில் உள்ள சொத்து, டிரஸ்டுக்குப் போனாலும் அடமானத்தோடுதான் போகும். கடன் ஏதும் இல்லாத காலத்தில், மனதார விட்டுக்கொடுத்து எழுதிய டிரஸ்ட்தான் நிற்கும். நினைத்தபோது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினால், வருமான வரியும் உங்கள் தலையிலேயே விழும்.

யாருக்கு எவ்வளவு என்று குறிப்பிடாமல் டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்டால், பொதுவாக உச்ச விகிதத்தில் வரி கட்ட வேண்டும். உங்களை நம்பியே வாழும் உறவினர் ஒருவருக்காக மட்டும், உயில் மூலம் ஏற்படுத்தும் ஒரே டிரஸ்டுக்கு இதில் விலக்கு உண்டு. மேலே சொன்ன குடும்பத்துக்கு இதையே முதலில் யோசிக்கச் சொல்வோம். உயிலுக்கு முத்திரைத்தீர்வை கிடையாது, உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம், சாட்சிகள் இருவர் போதும். டிரஸ்டியாகப் போடுபவரிடம் முன்பே சம்மதம் கேளுங்கள்; அவர் பிறகு மறுத்தால் அடுத்து யார் என்பதையும் உயிலிலேயே எழுதிவையுங்கள்.