ஸ்டால் ஸ்பீட்: தமிழில் முட்டுவேகம்

ஆட்டோ கியர் காரில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் பாகம் டார்க் கன்வெர்ட்டர்; ‘2800 கன்வெர்ட்டர்’ என்பதில் உள்ள எண் அதன் ஸ்டால் ஸ்பீட். அப்படிப்பட்ட காரை முறுக்கேற்ற நினைக்கும் நம் இளைஞர்களுக்குத் தமிழில் கிடைக்கும் விளக்கங்களில் பாதி, ‘ஸ்டால் ஸ்பீட் என்றால் எஞ்சின் நின்றுபோகும் வேகம்’ என்றுதான் தொடங்குகின்றன. ஒருவர் எழுதினார், மற்றவர்கள் படியெடுத்தார்கள். அதைப் படித்துவிட்டுப் பட்டறையில் வந்து, ‘அண்ணே, 2800 கன்வெர்ட்டர் போட்டா சிக்னல்ல வண்டி ஆஃப் ஆயிடாதா?’ என்று கேட்பவனை நொந்து பயனில்லை. படித்ததைத்தானே கேட்கிறான்.

வேர்ச்சொல்லைச் சட்டென்று முடித்துவிடலாம். ‘ஸ்டால்’ பழைய ஆங்கிலத்தில் நிற்குமிடம், தொழுவம். பினாங்கில் சார் குவே தியாவ் விற்கும் ஸ்டாலும் அதே வேர்தான். நகராமல் நிற்பது என்ற பொருளில் அது இயந்திரங்களுக்கு வந்தது. ‘டார்க்’ லத்தீனில் முறுக்குதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மலாய்க்காரர்கள் எழுத்தை மட்டும் மாற்றி எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். கன்வெர்ட்டரைப் படைத்தவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர். 1905இல் அவர் காப்புரிமை பெற்றது கப்பலுக்காக: வேகமாகச் சுழலும் நீராவிச் சுழலியை மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியோடு இணைக்க ஒரு வழி. 1948 பியூக் கார்களில் டைனாஃப்ளோ என்ற பெயரில் அது பெருமளவில் சாலைக்கு வந்தது.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் சொல்லை எடைபோட முடியும். கன்வெர்ட்டருக்குள் மூன்று சக்கரங்கள். பம்ப் எஞ்சினோடு சுற்றும். டர்பைன் கியர்பாக்ஸின் உள்தண்டோடு சேர்ந்தது. நடுவில் ஒரு பக்கம் மட்டும் சுற்றக்கூடிய ஸ்டேட்டர். மூன்றுக்கும் இடையே ஓடுவது கியர் எண்ணெய். பிரேக்கை அழுத்திப் பிடித்து, டி கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் சக்கரம் சுற்றாது, ஆகவே டர்பைனும் சுற்றாது. எஞ்சின் மட்டும் எண்ணெயை வாரி வாரி டர்பைன் மேல் எறியும். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்) ஏற ஏற எண்ணெயின் எதிர்ப்பும் ஏறும். எஞ்சினால் தரமுடிந்த முறுக்கும் எண்ணெயின் எதிர்ப்பும் சமமாகும் இடத்தில் ஆர்பிஎம் முள் அதற்கு மேல் ஏறாது. அந்த ஆர்பிஎம்தான் ஸ்டால் ஸ்பீட். நிற்பது டர்பைன். எஞ்சினோ அப்போதுதான் முழுத் தொண்டையில் அலறிக்கொண்டிருக்கிறது.

ஆக ‘எஞ்சின் நின்றுபோகும் வேகம்’ என்பது உண்மைக்கு நேர் எதிர். ஸ்டால் ஸ்பீட் உயர்ந்த கன்வெர்ட்டர், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத நிலையில்) எஞ்சினைக் குறைவாகத்தான் இழுத்துப் பிடிக்கும். பெரிய கேம் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டு ஐடில் தடுமாறும் வண்டி, ஒரிஜினல் கன்வெர்ட்டரோடு டி கியரில் அணைந்துபோகும்; 2800 கன்வெர்ட்டரோடு அணையாமல் நிற்கும். அந்தத் தம்பி எதற்குப் பயந்தானோ அதற்கு மருந்தே அதுதான். 2800 வரும்வரை வண்டி நகரவே நகராது என்று நம்புகிறவர்களும் உண்டு. அதுவும் இதே மொழிபெயர்ப்பின் பிள்ளை. மெல்ல மிதித்தால் 1200இலேயே வண்டி நகரும்.

தூய தமிழ் அன்பர்கள் ‘தேக்கநிலைச் சுழற்சி’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, அதனாலேயே கூடுதல் ஆபத்து. தேக்கம் என்றால் ஓட்டம் நின்று நிறைவது. அணையில் நீர் தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிட வாளியில் தேங்கும். ஸ்டால் நிலையில் பம்புக்கும் டர்பைனுக்கும் இடையே எண்ணெய் சுழன்றோடும் ஓட்டம் மற்ற எந்த நிலையையும்விட அதிகம். அந்த ஓட்டத்தை ஸ்டேட்டர் திருப்பிவிடுவதால்தான் முறுக்கு இரண்டு மடங்கு அளவுக்குப் பெருகிக் கியர்பாக்ஸுக்குப் போகிறது. ஓட்டம் உச்சத்தில் இருக்கும் நிலைக்குத் தேக்கம் என்று பெயர் வைத்தால், கன்வெர்ட்டரின் அடிப்படையையே தலைகீழாகக் கற்றுக்கொடுத்ததாகும். ‘பூட்டுவேகம்’ அதைவிட மோசம். லாக்-அப் கிளட்ச் பம்பையும் டர்பைனையும் ஒன்றாகப் பிடித்துப் பூட்டுவது வேறு வேலை. அதற்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு யாரிடம் போய் எதை வாங்குவது?

பட்டறையில் போமன் (மெக்கானிக்) சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும்: ‘2400ல முட்டுது, அதுக்கு மேல ஏறல.’ சொல் அங்கேயே கிடக்கிறது. முட்டுவேகம். முட்டுச்சந்து, முட்டுக்கட்டை எல்லாம் தெரிந்த எவனுக்கும் விளக்கம் தேவையில்லை. முட்டுகிறவனுக்கு உயிர் உண்டு, எதிரே இருப்பதுதான் நகரவில்லை என்ற படமும் அதிலேயே வந்துவிடுகிறது. டார்க் கன்வெர்ட்டரை ‘முறுக்குவிசை மாற்றி’ என்பவர்களிடமும் ஒரு வார்த்தை: டார்க் விசையன்று, விசையைத் தூரத்தால் பெருக்கியது. முறுக்குமாற்றி போதும். கன்வெர்ட்டர் என்றே எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை; தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

முட்டுவேகம் கன்வெர்ட்டரின் மேல் பொறித்த நிலையான எண்ணும் அன்று. எஞ்சினின் முறுக்கைப் பொறுத்து மாறும். முறுக்கின் வர்க்கமூலத்தோடு ஏறும். ஒரு கன்வெர்ட்டர் 196 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினோடு 2100இல் முட்டினால், டர்போ போட்டு 289 ஆக்கிய எஞ்சினோடு அதே கன்வெர்ட்டர் 2550இல் முட்டும். கிள்ளான் பக்கம், பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் ‘3000 ஸ்டால்’ என்று விற்றால், எந்த எஞ்சினோடு 3000 என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் பணத்தைப் பையிலேயே வையுங்கள். விட்டமும் முக்கியம். அதே வடிவத்தில் விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், கன்வெர்ட்டர் தாங்கும் முறுக்கு 59 விழுக்காட்டுக்கு இறங்கி, முட்டுவேகம் 30 விழுக்காடு போல ஏறிவிடும்.

தேர்வு செய்யும்போது முதலில் கேமைப் பாருங்கள். எஞ்சின் 3000க்கு மேல்தான் விழித்துக்கொள்கிறது என்றால் முட்டுவேகமும் அதை ஒட்டி இருக்கட்டும். தினமும் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊரும் வண்டிக்கு ஒரிஜினலைவிட 300 முதல் 600 வரை கூடினால் தாராளம். டர்போ வண்டிக்கு, பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) வருவதற்கு முன்னுள்ள முறுக்கை வைத்துக் கணக்கிட வேண்டும். உச்ச முறுக்கை வைத்து வாங்கினால் புறப்படும்போது ஆர்பிஎம் குறைவாகவே முட்டி, பூஸ்டுக்காகக் காத்துக் கிடப்பீர்கள். லாக்-அப் இல்லாத வண்டி 110 கிலோமீட்டர் வேகத்தில் 2600இல் ஓடுகிறது, முட்டுவேகம் 2800 என்றால் நெடுஞ்சாலை முழுக்க நழுவிக்கொண்டே போகும், எண்ணெய் கொதிக்கும். லாக்-அப் இருந்தாலும் கோம்பாக்கிலிருந்து காராக் சாலையில் ஏறும்போதும், பாலிக் புலாவுக்குத் துன் சார்டோன் சாலையில் ஏறும்போதும், மிதித்த மிதிக்கு அது விடுபட்டுவிடும். கியர் எண்ணெய்க்குத் தனிக் கூலர் போடாமல் உயர்ந்த முட்டுவேகத்தைத் தொடாதீர்கள்.

சோதிக்கும் முறையில்தான் அந்தத் தவறான தமிழ் காசைக் கரைக்கிறது. எண்ணெய் சூடான பிறகு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, காலால் பிரேக்கை அழுத்தி, டி-யில் போட்டு முழுக்க மிதித்து, முள் நிலைத்ததும் எண்ணைப் பார்த்துக் காலை எடுக்க வேண்டும். 5 வினாடிக்கு மேல் கூடாது. சக்கரம் சுற்றாததால் எஞ்சினின் ஆற்றல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாகிறது: 2500 ஆர்பிஎம்மில் 200 நியூட்டன் மீட்டர் என்றால் 52 கிலோவாட், கிட்டத்தட்ட 25 மின்கெண்டிகளை ஒரே நேரத்தில் போட்ட சூடு. ‘எஞ்சின் நின்றுபோகும் வேகம்’ என்று படித்தவன், எஞ்சின் எப்போது நிற்கும் என்று மிதித்தபடியே காத்திருப்பான். எஞ்சின் நிற்காது, எண்ணெய் கருகும், சீல் போகும்.

சோதித்த பிறகு நியூட்ரலில் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் ஓடவிட்டு, ஆர் கியரிலும் ஒரு முறை பாருங்கள். இரண்டிலும் எண் குறைவாக வந்தால் எஞ்சினில் பலமில்லை, அல்லது ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் பிடிக்கவில்லை. இரண்டிலும் கூடுதலாக வந்தால் எண்ணெய் குறைவு, அழுத்தம் குறைவு அல்லது உள்ளே கிளட்ச் நழுவுகிறது. புதிய மாடல்களில் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து மிதிபட்டால் கணினியே முறுக்கை வெட்டிவிடும். அந்த வண்டிகளில் வரும் எண் முட்டுவேகமே அன்று, அதை வைத்துக் கன்வெர்ட்டரைக் குறை சொல்லக் கூடாது.