கிட்னிக்குள் ஒரு வாளி தண்ணீர்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தார்: "வயிற்றில் இருக்கும்போதே பிள்ளையின் ஒரு கிட்னி வீங்கியிருக்கிறது என்றார்கள். பிறந்த பிறகும் ஸ்கேன் செய்தாயிற்று. இப்போது மூன்று மாதம், ஐசோடோப் ஸ்கேனும் வேண்டுமாம். ஒரே கிட்னியை எத்தனை தரம்தான் படம் பிடிப்பது?"

நியாயமான கேள்விதான். அல்ட்ராசவுண்டில் ஊசியும் இல்லை, கதிரும் இல்லை, சிறுநீர் தேங்கியிருப்பது கறுப்பாகத் தெரியும். ஆனால் தேங்கி நிற்பதெல்லாம் அடைப்பல்ல. மழை விட்ட பிறகு ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறது. கான் அடைத்துக்கொண்டதா, இல்லை அந்த இடமே பள்ளமா? பார்த்துக்கொண்டு நின்றால் தெரியாது, ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் தெரிந்துவிடும்.

ஐசோடோப் ஸ்கேனில் ஊற்றுவதும் அப்படி ஒரு வாளிதான். டெக்னீசியம் என்ற கதிர் வீசும் பொருள் கலந்த மருந்தை நரம்பில் கொஞ்சம் ஏற்றுவார்கள். கிட்னி அதை இரத்தத்திலிருந்து எடுத்துச் சிறுநீரில் விடும். காமா கமரா எதையும் பாய்ச்சுவதில்லை, பிள்ளையின் உடம்பிலிருந்து வரும் கதிரை எண்ணிக்கொண்டு சும்மா இருக்கும். முதல் இரண்டு மூன்று நிமிடங்களிலேயே எந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். ஏறக்குறையப் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும், ஒன்று 40 வீதத்துக்குக் கீழே போனால் கவலை.

அப்புறம் வாளி. அதாவது லாசிக்ஸ், கால் வீக்கத்துக்குத் தாத்தா போடுகிறாரே, அதே மருந்துதான். சில நிமிடங்களில் சிறுநீர் பெருகும். கிட்னியில் எவ்வளவு கதிர் மிச்சமிருக்கிறது என்று கமரா ஒரு வரைபடம் போடும்; வழி திறந்திருந்தால் அதன் கோடு சறுக்கி விழும். 10 நிமிடத்துக்குள் பாதி வடிந்தால் அடைப்பில்லை, 20ஐத் தாண்டியும் வடியாவிட்டால் சந்தேகம், நடுவில் நின்றால் வைத்தியருக்கே தலையிடி. ஆனால் வடியாததெல்லாமும் அடைப்பல்ல: வலுவிழந்த கிட்னி லாசிக்ஸுக்கு அசையாது, சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும் மேலே தேங்கும்.

ஆகவே கடைசியில், பிள்ளையைத் தாயின் தோளில் நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சலம் போன பிறகு இன்னொரு படம் எடுப்பார்கள். படுத்திருந்தபோது நின்றது, புவியீர்ப்பில் வடிந்துவிடலாம். கோடிக்கணக்கில் விலை போகும் கமராவுக்குத் துணை ஒரு தாயின் தோள்! எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

டெக்னீசியம் 6 மணி நேரத்தில் பாதியாகும், அதைத் தரும் மொலிப்டினம் 66 மணியில். வாங்கி அடுக்கி வைக்க முடியாத சாமான். 2009இல், மொலிப்டினம் தயாரித்துவந்த கனடாவின் சோக் ரிவர் அணு உலை நின்றபோது பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. இத்தகைய உலைகளுக்குப் பணம் ஒதுக்குவதை வீண்செலவு என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது.

நாவூறு என்று நூல் கட்டியிருந்தால் இருக்கட்டும், திகதியை மட்டும் தவறவிடாதீர்கள். மயக்க மருந்து இல்லையென்று சொல்லியிருந்தால், வயிறு நிறையப் பால் கொடுத்துக் கூட்டிப்போங்கள். உடம்பில் நீர் குறைந்தால் லாசிக்ஸ் போட்டும் வாளி நிறையாது.