மலிவு விலை வேட்டைத் துப்பாக்கியும் சாப்பாட்டு மேசைப் பழுதுபார்ப்பும்

சிங்கப்பூரில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயுதத் தொழில்நுட்பராகச் சீருடையில் இருந்துவிட்டு, இப்போது துவாஸில் ஒரு கடைசல் பட்டறையில் பணிபுரியும் எனக்கு, ஓய்வுக்குப் பிறகும் துப்பாக்கி பற்றிய கேள்விகள் நின்றபாடில்லை. கேட்பவர்களில் பாதிப்பேர் பெர்த்திலோ ஆக்லாந்திலோ குடியேறிவிட்ட உறவினர்கள். மீதிப்பேர் அவர்களைப் பார்க்கப் போய், பண்ணையில் ஒருநாள் முயல் வேட்டைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, திரும்பி வந்ததும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கும் நம் வீவக அடுக்குமாடி வீட்டு இளைஞர்கள். மலிவான துப்பாக்கி ஒன்றை வீட்டிலேயே மேம்படுத்துவது எப்படி என்பதுதான் இருவர் கேள்வியும். எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் தொண்டைத் தண்ணீர் மிச்சமாகும்.

முதலில் இந்த ஊர்ச் சட்டம். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டுகள் சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. ஆயுதம் என்ற சொல்லுக்குள் காற்றுத் துப்பாக்கியும் அடங்கும்; துப்பாக்கியின் தனிப் பாகமும் அடங்கும். ஆகவே, "குழலை மட்டும்தான் வாங்கினேன், தோட்டா அறையை மூடும் போல்ட்டை மட்டும்தான் கொண்டுவந்தேன்" என்ற சமாதானம் இங்கே எடுபடாது. இங்கே குறிபார்த்துச் சுட விரும்புவோர் பழைய சுவா சூ காங் சாலையில் உள்ள தேசியத் துப்பாக்கிச் சுடும் மையம் போன்ற இடங்களில், மன்றத்தில் முறையாகச் சேர்ந்து பழக வேண்டும். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பு போன்ற துணைக்கருவியை இணையத்தில் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களைக் காவல்துறையின் உரிம, ஒழுங்குமுறைப் பிரிவிடமே அனுப்பிவிடுகிறேன். கீழே எழுதுவது முழுவதும் வெளிநாட்டில், அந்நாட்டு உரிமத்தோடு, அந்நாட்டு வீட்டில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றியது.

என் அக்காள் மகன் நியூசிலாந்தின் கேன்டர்பரி சமவெளியில் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறான். உரிமம் அவனிடம் இருக்கிறது, எனக்கு இல்லை. அந்நாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் உரிமம் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே துப்பாக்கியைக் கையாளலாம். ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைப் பிரித்து மாட்டிய நான், அவன் பக்கத்தில் அமர்ந்திருந்தால்தான் திருகாணியைத் தொட முடியும். அவன் மாடு பார்க்க எழுந்து போனால் துப்பாக்கி பெட்டிக்குள் போய்விடும். இதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

அவன் வாங்கியது 308 வின்செஸ்டர் தோட்டா பயன்படுத்தும் போல்ட் வகைத் துப்பாக்கி; ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்ற வேண்டும். கடைக்காரர் ஸ்கோப்பையும் மாட்டிக் கொடுத்த மலிவுத் தொகுப்பு. நூறு மீட்டரில் மூன்று தோட்டாக்கள் உள்ளங்கை அகலத்திற்கு, அதாவது சுமார் 9 சென்டிமீட்டருக்குச் சிதறின. "மாமா, குழல் சரியில்லை, வேறு குழல் போடணும்" என்று தொலைபேசியில் சொன்னான். குழலைப் பழிப்பதற்கு முன் திருகாணிகளைப் பார் என்றேன்.

இந்த இடத்தில் மலிவு என்பது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இன்றைய கடைசல் இயந்திரங்கள் குழலை மலிவாகவும் நேராகவும் செய்துவிடுகின்றன. சவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன் போன்ற மலிவு விலைத் துப்பாக்கிகளின் குழல்களைப் பற்றி வேட்டைக்காரர்கள் பெரிதாகக் குறை சொல்வதில்லை. தயாரிப்பாளர் காசு மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் குழலைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டையிலும், பெட்டியோடு வரும் ஸ்கோப்பிலும், அதைப் பிடித்திருக்கும் வளையங்களிலும்தான். கோளாறையும் அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்த அன்று மாலை, போல்ட்டை உருவி, தோட்டா அறைக்குள் சுண்டுவிரலை விட்டுக் காலி என்று உறுதிசெய்து, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் துணி விரித்தோம். ஸ்கோப்பை வளையங்களிலிருந்து கழற்றியதும், வளையங்களைத் துப்பாக்கியோடு பிணைக்கும் அடிப்பலகை தெரிந்தது. அதை விரலால் அழுத்தியபோது முன்பக்கம் நூலிழை அளவுக்கு அசைந்தது. நான்கு திருகாணிகளில் இரண்டைக் கையாலேயே சுழற்ற முடிந்தது. ஒன்பது சென்டிமீட்டர் சிதறலில் ஒரு பங்கு அங்கேயே இருந்தது. திருகாணிகளைக் கழற்றி, ஆலைகளில் பூசி அனுப்பும் எண்ணெயை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒவ்வொன்றிலும் நீலநிறத் திருகுப் பசையை ஒரே ஒரு சொட்டு வைத்து, அளவிட்டு முறுக்கும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினோம். கைப்பக்குவம் சமையலுக்குச் சரி. ஸ்கோப்பு வளையத்துக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். சாதாரணத் திருப்புளியைப் பிடித்த ஆண்பிள்ளைக் கை அதைவிட அதிகமாக முறுக்கி ஸ்கோப்பின் குழாயையே நசுக்கிவிடும். வளையத் திருகாணிகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, இருபுறமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: அடிப்பலகையின் முன் திருகாணி தேவைக்கு மேல் நீளமாக இருந்தால், அதன் நுனி உள்ளே நீண்டு போல்ட்டை உரசும். இறுக்கிய பின் போல்ட்டைத் திரும்ப மாட்டி மூடித் திறந்து பாருங்கள். முன்பு இல்லாத தடை தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தைக் கடைக்காரர் அவர் கண்ணுக்குப் பார்த்து வைத்திருந்தார். என் மருமகனோ அவரைவிட ஒரு சாண் குட்டை. உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் பதித்து, பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னேன். வட்டம் முழுதாகத் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தினோம். வேட்டைக்கான ஸ்கோப்புகளில் இந்தத் தூரம் பெரும்பாலும் 9 சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். கண்ணை ஒட்டி வைத்துச் சுட்டவர்களைப் புருவத்துக்கு மேல் உள்ள பிறைத் தழும்பை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அடுத்தது கட்டை. ஒரு ரூபாய் நோட்டையோ தாள் துண்டையோ குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து, முன்முனையிலிருந்து தோட்டா அறை இருக்கும் பக்கமாக இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் குழல் எதையும் தொடாமல் நிற்கிறது என்று பொருள். எங்கள் தாள் தடையில்லாமல்தான் வந்தது. ஆனால் முன்கட்டையை இரண்டு விரலால் குழலோடு சேர்த்து அமுக்கியதும் இடைவெளி மறைந்துபோனது. மணல் பையின் மேல் வைத்துச் சுடும்போது நடந்ததும் இதுதான்: துப்பாக்கியின் எடை பிளாஸ்டிக்கை வளைக்க, கட்டை குழலைத் தள்ள, ஒவ்வொரு முறையும் தள்ளும் அளவு மாற, தோட்டா ஒவ்வொரு திசையில் போனது. மணல்தாளை ஒரு மரக்குச்சியில் சுற்றிக் குழல் படுக்கும் பள்ளத்தைச் சீராகத் தேய்த்து அகலப்படுத்தினோம். முன்கட்டையின் உட்புறம் வெறும் கூடாக இருந்ததால், அதில் இரண்டு அலுமினியக் கம்பிகளைக் கிடத்தி எபாக்சி ஊற்றி ஒரு நாள் உலரவிட்டோம். செலவு ஒரு கோழி பிரியாணிப் பொட்டலத்தின் விலைகூட ஆகவில்லை. என்னைக் கேட்டால், மலிவுத் துப்பாக்கிக்கு வீட்டில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான். காணொளிகளில் இதை யாரும் பெரிதாகக் காட்டாததற்குக் காரணம், இதில் விற்பதற்குப் பொருள் எதுவும் இல்லை.

குழலைச் சுத்தம் செய்வதைப் பற்றித் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணி முடித்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். ஆர்ம்ஸ்கோட் என்ற ஆயுதக் கிடங்கில் திருப்பிக் கொடுக்கும் முன் உரைஞ்சி உரைஞ்சி வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை நின்ற பழக்கம் அவர்களுக்கு உண்டு. வேட்டைத் துப்பாக்கிக்கு அந்த வெறி தேவையில்லை. கம்பியைத் தோட்டா அறைப் பக்கத்திலிருந்துதான் விட வேண்டும். குழல்வாய்ப் பக்கத்திலிருந்து விட்டால், தோட்டா கடைசியாகத் தொட்டுச் செல்லும் அந்த விளிம்பு தேய்ந்துவிடும். சுடும் முன் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய்ப் பூச்சோடு போகும் முதல் தோட்டா மற்றவற்றிலிருந்து விலகி விழும். மான் நிற்பதோ அந்த முதல் தோட்டாவுக்குத்தான்.

தேசிய சேவையின் இன்னொரு பழக்கமும் இங்கே குறுக்கே வருகிறது. அங்கே கையில் தரும் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியில் 1.5 மடங்கு ஸ்கோப்பு உடலோடு சேர்ந்தே வருவதால், மாட்டுவது, மட்டம் பார்ப்பது, கண்தூரம் வைப்பது எதையும் செய்ய வேண்டிய தேவை நம் பிள்ளைகளுக்கு ஏற்பட்டதில்லை. குறிசரிசெய்வதை நூறு மீட்டரில் தொடங்கி, தாளிலேயே படாமல் ஒரு பெட்டித் தோட்டாவை வீணடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போல்ட்டை உருவிவிட்டுக் குழலின் ஊடே 25 மீட்டரில் உள்ள புள்ளியைப் பாருங்கள். துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 25 மீட்டரில் சுட்டு, அதன் பின்னரே நூறுக்குப் போங்கள். ஸ்கோப்பின் திருகை ஒரு சொடுக்குத் திருப்பினால் கால் நிமிடக் கோணம் நகரும் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு நிமிடம்) என்றால், அது நூறு மீட்டரில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். 25 மீட்டரில் அது 2 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. எனவே 25 மீட்டரில் 4 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால், திருப்ப வேண்டியது ஆறு சொடுக்கு அல்ல, ஏறக்குறைய 22 சொடுக்கு. ஒரே தோட்டாவை நம்பித் திருகக் கூடாது. மூன்று சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருக வேண்டும். வேட்டைத் துப்பாக்கியின் குழல் மெல்லியது. சூடேறியதும் போக்கு மாறும் என்பதால், மூன்றுக்கு மூன்று இடைவெளி விட்டுத் தேநீர் குடிக்கலாம். நாங்கள் மூன்று வகைத் தோட்டாக்களை வாங்கிப் பார்த்தோம். குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற அளவில் சொல்வார்கள். 150 கிரெய்ன் எடையுள்ளது சிதறியது. 165 கிரெய்ன் எடையுள்ள ஒன்று மூன்றரை சென்டிமீட்டருக்குள் கூடியது. இன்னொரு துப்பாக்கிக்கு இது தலைகீழாக இருக்கக்கூடும். வாங்கும்போது குழலில் பொறித்துள்ள பெயரும் தோட்டாப் பெட்டியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. இந்த அளவுத் துப்பாக்கி எழுப்பும் ஒலியின் உச்சம் 150 டெசிபெலைத் தாண்டும். ஒரே வெடியில் காது நிரந்தரமாகக் கெடலாம். நியூசிலாந்தில் பலர் ஒலிகுறைப்பான் பொருத்துகிறார்கள். பொருத்தினாலும் காதடைப்பான் வேண்டும். அதே ஒலிகுறைப்பானை நினைவுப்பொருள்போலப் பையில் போட்டு இங்கே கொண்டுவர நினைப்பவர் மேலே உள்ள சட்டப் பத்தியை இன்னொரு முறை படிக்கட்டும்.

இனி, தொடக் கூடாத பகுதி. என்னிடம் அதிகம் கேட்கப்படுவது விசையைப் பற்றித்தான். விசை கனமாக இருக்கிறது, சுருளை மாற்றினால் இலகுவாகும், காணொளியில் பத்து நிமிடத்தில் செய்து காட்டுகிறார்கள் என்பார்கள். விசைக்குள்ளே, தோட்டாவை அடிக்கும் ஊசியைத் தாங்கி நிற்பது, நகத்தின் விளிம்பைவிடச் சிறிய இரண்டு உலோக முகங்களின் பிடிப்பு. சுருளைத் தளர்த்தினாலோ அந்த முகத்தைத் தேய்த்தாலோ பிடிப்பு குறைகிறது. மேசைமேல் அது அழகாக வேலை செய்யும். குளிரில், தூசியில், ஒரு அதிர்ச்சியில் நழுவும். பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒருவர், தாமே "சரிசெய்த" துப்பாக்கியைப் பெருமையோடு எடுத்துவந்தார். காலி என்று மூவரும் பார்த்து உறுதிசெய்த பிறகு, குழலை வெற்று மண்மேட்டை நோக்கிப் பிடித்து, போல்ட்டைச் சற்று வேகமாக அடித்து மூடச் சொன்னேன். யார் விரலும் விசையில் இல்லை. உள்ளே "டக்" என்று ஊசி விழுந்தது. அவர் மறுபடியும் செய்து பார்த்தார், மறுபடியும் விழுந்தது. அந்தத் துப்பாக்கியோடுதான் முந்தின வாரம் தம் மகனை முன்னால் நடக்கவிட்டு மலையேறியிருந்தார். எதுவும் பேசாமல் போல்ட்டைக் கழற்றித் தனியே பையில் வைத்துக்கொண்டு, நகரத்தில் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் புறப்பட்டுவிட்டார்.

விசை, தோட்டா அறை, போல்ட்டின் பூட்டுப் பற்கள் ஆகிய மூன்றும் உரிய அளவுமானிகளும் பயிற்சியும் உள்ளவரின் வேலை. அந்த அளவுமானிகளோடு வாழ்நாளில் பாதியைக் கழித்த நானே, அவை இல்லாத சாப்பாட்டு மேசையில் இவற்றைத் திறப்பதில்லை. சுடும்போது வழக்கமான வெடிக்குப் பதில் மந்தமான ஒரு சத்தம் மட்டும் கேட்டால், அடுத்த தோட்டாவை ஏற்றக் கூடாது. குழல்வாயைப் பாதுகாப்பான திசையிலேயே அரை நிமிடமாவது வைத்திருந்து, பிறகு போல்ட்டை உருவி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று தோட்டா அறைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முந்தைய குண்டு உள்ளேயே சிக்கியிருந்தால் அடுத்தது குழலைப் பிளந்துவிடும்.

ஊர் திரும்பும் நாளில் எனக்கென்று ஒரு சடங்கு உண்டு. வயலில் போட்ட சட்டை, காற்சட்டை, முதுகுப்பை அனைத்தையும் கவிழ்த்து உதறி, ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்துத் தையல் தெரியும்படி வைத்துப் பார்ப்பேன். போன முறை இரண்டு தடவை பார்த்தாயிற்று. பிறகு மழையங்கியைத் துவைக்கப் போட்டபோது சலவை இயந்திரத்துக்குள் கடகடவென்று சத்தம். நிறுத்திப் பார்த்தால், நுரைக்கு நடுவே உறையும் குண்டும் பளபளக்க, சுடப்படாத 308 தோட்டா ஒன்று. உள்பையின் கிழிசல் வழியாகப் புறணிக்குள் இறங்கியிருக்கிறது. கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்துக்குப் புறப்பட இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. மருமகன் அதைத் துடைத்துத் தன் பெட்டியில் பூட்டினான். நான் மழையங்கியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.