மோட்டார் வேகன்: விசைவண்டி

அமெரிக்காவில் பெட்ரோலில் ஓடும் காரைச் செய்து விற்பதற்கென்றே தொடங்கிய முதல் கம்பெனியின் பெயரில் கார் இல்லை, ஆட்டோமொபைலும் இல்லை. ‘டுரியே மோட்டார் வேகன் கம்பெனி’ என்பதுதான் பெயர். 1895-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தது. 1898-க்குள் அதன் கதை முடிந்துவிட்டது.

இந்தப் பெயரைத் தமிழாக்க உட்கார்ந்தால் தடுக்கி விழும் இடம் ‘வேகன்’. நானும் விழுந்திருக்கிறேன். ஒருமுறை ‘மோட்டார் சரக்குப் பெட்டி நிறுவனம்’ என்று எழுதி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. நமக்கு வேகன் என்றால் நிலக்கரியோ நெல்லோ ஏற்றிவரும் கூட்ஸ் ரயில் பெட்டி. டுரியே சகோதரர்கள் செய்ததோ ஆள் ஏறிப்போகும் வண்டி.

ஆங்கிலத்துக்கு வேகன் டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அது ‘வாகன்’. நான்கு சக்கர வண்டி, இழுப்பதற்கு மாடோ குதிரையோ. ஜெர்மன் மொழியிலும் இதே சொல் உண்டு: ஃபோக்ஸ்வாகன் என்ற பெயரின் பின்பாதி அதுதான், ‘மக்கள் வண்டி’ என்று பொருள். இன்னும் பின்னே போனால் சுமத்தல், கொண்டுசெல்லுதல் என்ற பொருள் கொண்ட ஒரு பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் கிடைக்கிறது. லத்தீன் வழியாக ‘வெஹிக்கிள்’ வந்ததும், சமஸ்கிருதம் வழியாக நம்மிடம் ‘வாகனம்’ வந்ததும் அதே வேரிலிருந்து. ஆக வேகனும் வாகனமும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஒலி ஒத்துப்போகிறதே என்று ‘வேகம்’ என்ற சொல்லையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. அது வேறு வேர். ‘வேன்’ என்பதும் வேகனின் சுருக்கம் அல்ல. பாரசீகத்து ‘காரவான்’ தலையை இழந்து வேனாயிற்று.

மோட்டாருக்கு லத்தீனில் ‘அசைப்பது, இயக்குவது’ என்று பொருள். நம்மூரில் அந்தச் சொல் காரை விட்டு இறங்கிக் கிணற்றங்கரைக்குப் போய்விட்டது. ‘மோட்டார் போட்டாச்சா’ என்று வீட்டில் கேட்டால் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்றுதான் அர்த்தம்.

இரண்டையும் சேர்த்த ‘மோட்டார் வேகன்’ ஒரு தற்காலிக ஏற்பாடு. கையில் இருந்த வண்டியின் பெயருக்கு முன்னால் புதிதாகச் சேர்ந்த பொருளை ஒட்டிவிட்டார்கள். உண்மையில் டுரியேக்கள் செய்ததும் அதுதானே! அண்ணன் சார்லஸ், தம்பி ஃபிராங்க். சைக்கிள் தொழிலில் இருந்தவர்கள். 70 டாலருக்கு ஒரு பழைய குதிரை வண்டியை வாங்கி, ஒற்றை சிலிண்டர் எஞ்சினை அதில் பொருத்தி, 1893 செப்டம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு தெருவில் ஓட்டினார்கள். அந்த வண்டி இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குதிரையை அவிழ்த்துவிட்டு நிறுத்தி வைத்த வண்டி போலத்தான் தெரியும்.

அந்தச் சில ஆண்டுகளில் இந்தப் பொருளுக்குப் பெயரே நிலைக்கவில்லை. பரவலாக வழங்கியது ‘குதிரையில்லா வண்டி’. 1895 நவம்பரில் நியூயார்க்கில் தொடங்கிய ஒரு தொழில் இதழ் ‘குதிரையில்லா யுகம்’ என்றே தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது. ஜார்ஜ் செல்டன் என்ற காப்புரிமை வழக்கறிஞர் 1879-இல் விண்ணப்பித்து 1895-இல் பெற்ற காப்புரிமையில் அது ‘ரோடு எஞ்சின்’. ஃபிலடெல்ஃபியாவில் இருவர் செய்த மின்சார வண்டிக்குப் பெயர் ‘எலக்ட்ரோபேட்’. வௌவாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புதிதாக வந்த பொருளை அதில் எது இல்லையோ அதைச் சொல்லி அழைப்பது எல்லா மொழிக்கும் உள்ள பழக்கம். ‘கம்பியில்லாத் தந்தி’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தானே நாம்? புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் வானத்து வண்டியை ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்கிறார். வலவன் என்றால் தேர்ப்பாகன். பாகன் செலுத்தாத ஊர்தி! அமெரிக்கர்கள் குதிரையைக் கழித்தார்கள், சாத்தனார் ஓட்டுநரையே கழித்துவிட்டார். இப்போது ‘ஓட்டுநர் இல்லா கார்’ என்று செய்தி எழுதுபவர்கள் ஒருமுறை அந்தப் பாட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

சிகாகோவின் ‘டைம்ஸ்-ஹெரால்டு’ நாளிதழ் இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க ஒரு போட்டியே வைத்தது. வாசகர்கள் பெயர் அனுப்பினார்கள். வென்ற பெயர் ‘மோட்டோசைக்கிள்’. அதே நாளிதழ் நடத்திய பந்தயமும் அதனால் மோட்டோசைக்கிள் பந்தயம் ஆனது. அன்று ஓடியவை எல்லாம் நமது பைக் என்று எண்ணிவிடக் கூடாது.

1895 நவம்பர் 28, நன்றி நவிலும் நாள். சிகாகோவில் ஜாக்சன் பூங்காவிலிருந்து எவன்ஸ்டனுக்குப் போய்த் திரும்பவேண்டும். ஏறக்குறைய 54 மைல், அதாவது 87 கிலோமீட்டர். தெருவெல்லாம் பனி. கிளம்பியவை ஆறு: டுரியே ஒன்று, ஜெர்மனியின் பென்ஸ் வண்டிகள் மூன்று, மின்சார வண்டிகள் இரண்டு. டுரியேயை ஓட்டியவர் தம்பி ஃபிராங்க். அதில் வட்டச் சக்கரமாக ஸ்டியரிங் கிடையாது. படகின் சுக்கான் பிடிபோல ஒரு நெம்புகோல்தான். பக்கவாட்டில் தள்ளினால் வண்டி திரும்பும், மேலும் கீழும் அசைத்தால் வேகம் மாறும். வழியில் திருப்பும் கை முறிந்தது. ஒரு கொல்லன் பட்டறையைத் தேடிப்பிடித்து அதைச் சரிசெய்தார். பிறகு எஞ்சினில் பொறி கொடுக்கும் பகுதி பழுதாக, ஒரு தகரவேலைக்காரரின் கடையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போயிற்று. காலை ஒன்பது மணிக்குச் சற்றுமுன் கிளம்பியவர் எல்லையைத் தொட்டபோது இரவு ஏழேகால். கடைசிவரை வந்து சேர்ந்த இன்னொரு வண்டி ஒரு பென்ஸ் மட்டுமே. அதன் ஓட்டுநர் வழியில் மயங்கிச் சாய, கூடவே வந்த நடுவர் அதை ஓட்டி முடித்தார். ஃபிராங்குக்கு 2,000 டாலர் பரிசு.

அந்த வெற்றியின் சூட்டோடு 1896-இல் கம்பெனி ஒரே வடிவத்தில் 13 வண்டிகளைச் செய்தது. இந்தப் பதின்மூன்றுதான் கம்பெனியின் உண்மையான சாதனை என்பேன். அதுவரை அமெரிக்காவில் ஒவ்வொருவரும் ஒரு கார், அதுவும் தனக்காக, செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே அச்சில் பலவற்றை வார்த்து விற்றவர்கள் இவர்கள். அதே ஆண்டில் பார்னம் அண்டு பெய்லி சர்க்கஸ் ஒரு டுரியேயை யானை, ஒட்டகங்களோடு வேடிக்கைப் பொருளாக ஊர்வலம் விட்டது. மே மாதம் நியூயார்க்கில் ஒரு டுரியே சைக்கிளில் வந்த பெண்ணின்மேல் மோதி அவர் கால் முறிந்தது. நாட்டின் முதல் கார் விபத்துகளுள் ஒன்றாக அதைச் சொல்வார்கள். நவம்பரில் இரண்டு டுரியேக்கள் கடல் கடந்து லண்டன்-பிரைட்டன் ஓட்டத்திலும் கலந்துகொண்டன. ஓராண்டுக்கு இது மிக அதிகம். ஆனால் அண்ணன் தம்பிக்குள் ஒத்துப்போகவில்லை. முதல் வண்டியைச் செய்தவர் யார் என்ற தகராறு அவர்கள் முதுமை வரை ஓயவில்லை. பிரிந்தபின் ஃபிராங்க் ‘ஸ்டீவன்ஸ்-டுரியே’ என்ற விலை உயர்ந்த கார்களோடு தொடர்ந்தார். சார்லஸ் பென்சில்வேனியாவின் ரெடிங்கில் மூன்று சக்கர வண்டிகள் செய்தார்.

கம்பெனி போனபோது அதன் பெயரில் இருந்த சொல்லும் மெல்லப் போயிற்று. பிரான்சிலிருந்து வந்த ஆட்டோமொபைல் இடத்தைப் பிடித்தது. ‘ஆட்டோ’ கிரேக்கம், ‘மொபைல்’ லத்தீன். இந்தக் கலப்பு மணத்தைப் பொறுக்காத நியூயார்க் டைம்ஸ் 1899 ஜனவரியில், பாதி கிரேக்கமும் பாதி லத்தீனுமான இந்தச் சொல்லை அச்சிடவே கூசுகிறது என்கிற தொனியில் எழுதியது. கூசியவர்கள்தான் தோற்றார்கள்.

தமிழுக்கு வருவோம். ஆட்டோமொபைலுக்குத் ‘தானுந்து’ சரியான சொல். தன்னைத் தானே உந்திச் செல்வது. ‘ஆட்டோ’ என்று சுருக்கினால் தமிழ்நாட்டில் மஞ்சள் நிற மூன்று சக்கர வண்டி வந்து நின்றுவிடும் என்பதால் இதற்குத் தேவையும் இருக்கிறது. காருக்குச் சீருந்து, மகிழுந்து இரண்டும் உண்டு. மகிழுந்து பழைய கிராமத்து ‘பிளசர் கார்’ என்ற வழக்கை நினைவூட்டுவதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் கூடுதல் பாசம். ஆனால் பேசும்போது நானும் கார் என்றுதான் சொல்வேன்.

மோட்டார் வேகனுக்கு இவை எதுவும் பொருந்தாது. அது தானுந்து என்ற எண்ணம் உருவாகுமுன் வந்த சொல். வண்டி என்ற பழைய பொருள் அதில் கண்ணுக்குத் தெரியவேண்டும். ‘பொறிவண்டி’ என்று சொல்லலாமா என்று யோசித்தேன். பொறி என்றால் இயந்திரம். சீவக சிந்தாமணியில் விசயை ஏறிப் பறந்தது மயிற்பொறி. பழமையும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் கடற்கரையில் மணியடித்துக்கொண்டு வரும் பொரி வண்டிதான் நினைவுக்கு வருகிறது.

வழியை நெசவாளரும் மீனவரும் எப்போதோ காட்டிவிட்டார்கள். கையால் ஓட்டியது கைத்தறி, மின்சாரம் வந்ததும் விசைத்தறி. எஞ்சின் வைத்த படகு விசைப்படகு. பழைய பொருள், அதன் முன்னால் புதிய விசை. ‘மோட்டார் வேகன்’ கட்டப்பட்ட முறையும் இதுவே. ஆகவே விசைவண்டி. கம்பெனியின் பெயரை ‘டுரியே விசைவண்டி நிறுவனம்’ என்று எழுதலாம்.

எழுதும்போது ஒரு சிறு கவனம்: விசைத்தறி, விசைப்படகு இரண்டிலும் வல்லினம் மிகும். வண்டியின் வகரம் இடையினம் என்பதால் இங்கே ஒற்று எதுவும் வேண்டாம்.