சிறிய பிஸ்டல், சிறுக்காத தோட்டா: புதிய கைத்துப்பாக்கியின் பழுதுகளும் அதைப் பிரிக்கும் முறையும்

2018 ஜனவரியில் சிக் சாவர் நிறுவனம் பி365 என்ற பிஸ்டலை அமெரிக்கச் சந்தையில் அறிமுகப்படுத்தியது. 3.1 அங்குல நீளமுள்ள குழல், ஏறத்தாழ ஓர் அங்குல அகலம், அரை கிலோ எடை என்ற அளவில் இருந்த அந்தத் துப்பாக்கியின் மேகசின், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி, 9 மில்லிமீட்டர் தோட்டாக்களில் பத்தைக் கொண்டது. அதுவரை அவ்வளவு சிறிய பிஸ்டல்களில் ஆறு அல்லது ஏழு தோட்டாக்களே அடங்கின. வாங்கியவர்கள் வியந்தார்கள், சில மாதங்களுக்குள் அவர்களில் ஒரு பகுதியினர் புகார்களோடும் வந்தார்கள். தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கரின் முனை உடைகிறது, விரலால் அழுத்தும் விசையான ட்ரிகர் திரும்பி வருவதில்லை, குழலின் மேல் முன்னும் பின்னும் ஓடும் மேற்பகுதியான ஸ்லைடு முழுவதும் மூடாமல் நிற்கிறது என்பவை அவற்றுள் முதன்மையானவை. நிறுவனம் பழுதானவற்றைப் பெற்றுச் சரிசெய்து கொடுத்தது, பாகங்களையும் திருத்தியது. பிற்பாடு அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் கைத்துப்பாக்கிகளுள் ஒன்றாக அது நிலைபெற்றது.

இத்தகைய தொடக்ககாலப் பழுதுகளைத் தொழிற்சாலையின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிடுவது போதாது என்பது என் கருத்து. துப்பாக்கியைச் சுருக்கலாம், அதில் போடும் தோட்டாவைச் சுருக்க முடியாது. 1900களின் தொடக்கத்தில் கியோர்க் லூகர் உருவாக்கிய அதே 9 மில்லிமீட்டர் தோட்டாதான், கிட்டத்தட்ட 30 மில்லிமீட்டர் என்ற அதே நீளத்தோடு, பெரிய படைத்துறை பிஸ்டலிலும் சட்டைப்பைக்குள் அடங்கும் பிஸ்டலிலும் வெடிக்கிறது. சிறிய பிஸ்டலின் பழுதுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பொருத்தமின்மையிலிருந்து கிளைப்பவை.

இன்றைய 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களில் மிகப் பெரும்பாலானவை ஜான் பிரௌனிங் வகுத்த வழியில் இயங்குகின்றன. சுடும் கணத்தில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். தோட்டாவின் முனையிலுள்ள குண்டு முன்னோக்கிப் பாயும்போது அவை இரண்டும் சேர்ந்து சில மில்லிமீட்டர் பின்னோக்கி நகரும். அதற்குள் குண்டு குழலை விட்டு வெளியேறிவிடும். உள்ளே 2,000 பாருக்கும் மேல் எகிறியிருந்த வாயு அழுத்தம் தணிந்துவிடும். அப்போது குழலின் அடியிலுள்ள சரிவான பகுதி, பிடியோடு கூடிய கீழ் உடலான சட்டத்திலுள்ள குறுக்குத் தண்டில் மோதி, குழலின் பின்பகுதியைக் கீழே இழுக்கும். பூட்டு அவிழ்ந்ததும் ஸ்லைடு மட்டும் தன் வேகத்தில் பின்னோக்கிப் போகும். போகிற வழியில் எக்ஸ்ட்ராக்டர் எனும் கொக்கி வெற்றுத் தோட்டா உறையை, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பரிலிருந்து இழுத்துவர, எஜெக்டர் அதைத் தட்டி வெளியே எறியும். பின்பு, ஸ்லைடு பின்வாங்கியபோது அமுங்கிய ரீகாயில் ஸ்பிரிங் ஸ்லைடை முன்னோக்கித் தள்ள, அது மேகசினின் மேல் தோட்டாவை உரசி எடுத்துச் சேம்பருக்குள் செலுத்தி, குழலை மறுபடி மேலே தூக்கிப் பூட்டும். கண் இமைப்பதற்குள் இவ்வளவும் முடிந்துவிடும்.

இதில் எடை எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். 8 கிராம் குண்டு விநாடிக்கு 340 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொள்வோம். வாயுவின் பங்கை விட்டுவிட்டாலும் அதே அளவு உந்தம் ஸ்லைடுக்கும் குழலுக்கும் எதிர்த்திசையில் கிடைக்க வேண்டும். அவற்றின் மொத்த எடை 450 கிராம் என்றால் அவை விநாடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். 300 கிராம் என்றால் 9 மீட்டர் வேகத்தில். உந்தம் ஒன்றாகவே இருக்க, எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்காகிவிடுகிறது. இந்தக் கூடுதல் ஆற்றலைக் குறைவான தூரத்துக்குள் உறிஞ்சியாக வேண்டும். குட்டைப் பிஸ்டலில் ஸ்லைடு ஓடுவதற்கு இடம் குறைவு. ஆகவே வடிவமைப்பாளர் கடினமான ஸ்பிரிங்கைப் பொருத்துகிறார். கிளாக் நிறுவனத்தின் சிறிய பிஸ்டலான கிளாக் 26, பி365 போன்றவற்றில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங்குகள் இருப்பதன் காரணம் இதுவே. சிறிய பிஸ்டலின் ஸ்லைடைக் கையால் இழுப்பது புதியவர்களுக்குக் கடினமாக இருப்பதும் இதனால்தான்.

கடின ஸ்பிரிங் ஒரு சிக்கலைத் தீர்த்து இரண்டைக் கொண்டுவருகிறது. ஸ்லைடு மேகசினின் மேல் தோட்டாவைத் தாண்டிப் பின்னால் போயிருக்கும் நேரம்தான் அடுத்த தோட்டா மேலே எழுவதற்குக் கிடைக்கும் நேரம். சிறிய பிஸ்டலில் அந்தத் தாண்டல் சில மில்லிமீட்டர்களே ஆகையால், கிடைப்பது விநாடியின் ஆயிரத்தில் சில பங்குகள் மட்டும். அதற்குள் மேகசினின் ஸ்பிரிங் பத்துத் தோட்டாக்களின் அடுக்கை உயர்த்தியாக வேண்டும். புதிய மேகசினை முழுவதும் நிரப்பியபோது முதல் ஓரிரு தோட்டாக்களில் பிஸ்டல் சிக்கிக்கொண்டு, மற்றவற்றில் ஒழுங்காக ஓடினால் நான் முதலில் ஐயுறுவது மேகசினைத்தான். மற்றொரு சிக்கல் சுடுபவரின் மணிக்கட்டில் இருக்கிறது. ஸ்லைடு பின்னோக்கிப் போவது சட்டத்தை ஒப்பிட்டே அளக்கப்படுகிறது. சட்டம் எடை குறைந்த பாலிமராலானது. பிடியும் தளர்வாக இருந்தால் சட்டமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போய்விடும். ஸ்பிரிங் முழுமையாக அமுங்காது. உறை வெளியே விழாமல் ஸ்லைடின் வாயில் மாட்டிக்கொள்ளும். கனமான பிஸ்டலில் வெளிப்படாத பிடிக் கோளாறு இங்கே இயந்திரக் கோளாறுபோல் தோன்றும்.

பி365 குறித்த தொடக்கப் புகார்களில் என்னை மிகவும் ஈர்த்தது, சுட்ட உறைகளின் பிரைமரில், அதாவது உறையின் அடியில் பொதிந்துள்ள தீமூட்டும் சிறு மூடியில், தெரிந்த அடையாளம். ஸ்ட்ரைக்கரின் முனை பிரைமரில் நேராகக் குத்தி உடனே பின்வாங்கினால் வட்டமான குழி விழும். முனை பின்வாங்குவதற்கு முன்பே குழலின் பின்பகுதி கீழே இறங்கத் தொடங்கினால், குழியின் ஒரு பக்கம் கண்ணீர்த்துளிபோல் இழுபட்டிருக்கும். பெரிய பிஸ்டல்களிலும் இவ்வடையாளம் உண்டு. அது மட்டும் பழுதாகிவிடாது. ஆனால் குட்டைக் குழல் அதே அளவு கீழிறங்க அதிகக் கோணத்தில் சாய வேண்டும். ஸ்லைடின் வேகமும் அதிகம். ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் இழுபடும் மெல்லிய எஃகு முனை ஆயிரக்கணக்கான சுடுதல்களில் களைத்துப்போவது உலோகவியலுக்குப் புதியதன்று. எனவே வெற்று உறைகளைக் கூட்டித் தள்ளாமல் சிலவற்றை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. துப்பாக்கியைப் பிரிக்காமலே அதன் உட்பாகங்கள் இயங்கும் நேர ஒழுங்கைப் படிக்க உதவும் ஆவணங்கள் அவை.

முன்மாதிரி நன்றாக ஓடி, உற்பத்தியில் தடுமாறிய பிஸ்டலும் உண்டு. ஜான் பெடர்சன் வடிவமைத்து 1918இல் வெளிவந்த ரெமிங்டன் 51 பிஸ்டலின் பூட்டுமுறையை வைத்து, ரெமிங்டன் நிறுவனம் 2014இல் ஆர்51 என்ற 9 மில்லிமீட்டர் பிஸ்டலைக் கொண்டுவந்தது. சிக்கல்கள் பெருகியதால் அதே ஆண்டு விற்பனையை நிறுத்தி, வாங்கியவர்களுக்கு மாற்றுத் துப்பாக்கி தருவதாக அறிவித்தது. முன்மாதிரியிலிருந்து பெருமளவு உற்பத்திக்கு மாறியபோது ஏற்பட்ட சிக்கல்களே காரணம் என்றது. திருத்திய வடிவம் 2016இல்தான் வந்தது. முன்மாதிரியின் பாகங்களைத் தேர்ந்த கைகள் ஒவ்வொன்றாகப் பொருத்துகின்றன. ஆலையிலோ ஒவ்வொரு பாகமும் அனுமதிக்கப்பட்ட அளவு வரம்புக்குள் சற்றே கூடவோ குறையவோ இருக்கும். எல்லாப் பாகங்களும் ஒரே பக்கமாக விலகிய துப்பாக்கி யாரோ ஒருவர் கைக்குப் போகும். இடம் மிச்சமில்லாத சிறிய பிஸ்டலில் அந்த விலகல்களைத் தாங்கிக்கொள்ளும் தளர்வும் குறைவு.

புதிய பிஸ்டல் சிக்கும்போது, எதனால் என்று அறிய ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மேகசின்களுக்கு எண் எழுதிவைத்து எந்த மேகசினில் சிக்குகிறது என்று பார்க்கலாம். வேறு நிறுவனத்தின் தோட்டாவைப் போடலாம். அனுபவமுள்ள இன்னொருவரைச் சுடச் சொல்லலாம். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் பழுது மறைந்துபோகலாம், காரணம் தெரியவராது. முதல் 200 தோட்டாக்கள்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்ற வழக்கம் உண்டு. உரசும் பரப்புகளின் கூர்மைகள் அதற்குள் தேயும் என்பது அதற்கான நியாயம். தோட்டா ஏறாமை, ஸ்லைடு மூடாமை ஆகியவற்றுக்கு அந்தப் பொறுமை தகும். ட்ரிகர் திரும்பாமைக்கும் உடைந்த முனைக்கும் தகாது. இரண்டு சமயங்களில் மட்டும் ஆராய்ச்சிக்கு இடமே இல்லை. ட்ரிகரை அழுத்தியும் வெடிக்காவிட்டால், தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். வெடிச் சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக இருந்தால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

பிரிப்பதில் முதல் படியும் இரண்டாம் படியும் இடம் மாறக் கூடாது. மேகசினை முதலில் கழற்ற வேண்டும். பிறகே ஸ்லைடை இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், சேம்பரிலிருந்த தோட்டா வெளியே விழுவதைக் கண்டு துப்பாக்கி காலி என்று நம்பிக்கொண்டிருக்கும்போது, திரும்பும் ஸ்லைடு மேகசினிலிருந்து இன்னொரு தோட்டாவைச் சேம்பரில் ஏற்றிவிடும். மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னே நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டு உறுதி செய்ய வேண்டும். பி365இல் இதற்குப்பின் பக்கத்திலுள்ள பிரிப்பு நெம்பைத் திருப்பி, ஸ்லைடை மெல்ல முன்னே விட்டுச் சட்டத்திலிருந்து உருவி எடுத்தால் போதும். கிளாக்கிலோ ஸ்ட்ரைக்கரை விடுவிக்க ட்ரிகரை அழுத்தியாக வேண்டும். அழுத்துவதற்கு முன் சேம்பரைப் பார்க்கத் தவறியவர்கள் அந்தப் படியில் சுட்டுவிட்ட விபத்துகள் நடந்திருக்கின்றன. கிளாக் நம்பகமான துப்பாக்கி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் சுத்தம் செய்வதற்காக ட்ரிகரை அழுத்தச் சொல்லும் வடிவமைப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்லைடு பின்னே பூட்டப்பட்டிருந்தாலன்றிப் பிரிப்பு நெம்பு திரும்பாது என்ற ஏற்பாடு, சேம்பர் திறந்திருப்பதை இயந்திரமே கட்டாயமாக்கும் ஏற்பாடு.

ஸ்லைடைக் கவிழ்த்து வைத்து, ஸ்பிரிங்கை அதன் வழிகாட்டும் தண்டோடு சற்று அழுத்தித் தூக்கினால் குழலும் கையோடு வரும். துப்பாக்கி எங்கே உரசுகிறது என்பது இப்போது தெரியும். குழலின் மேற்புறத்தில் ஸ்லைடோடு பூட்டும் பகுதியிலும், அடியிலுள்ள சரிவிலும் பளபளப்பான தேய்மானம் இயல்பானது. உலோகம் ஒரு பக்கமாக நசுங்கி விளிம்பு மடிந்திருந்தால் இயல்பன்று. தோட்டா ஏறும் சரிவில் தாமிரச் சாயல் படிந்திருப்பது வழக்கமே. ஆழமான கோடுகள் தோட்டா அங்கே தட்டுவதைக் காட்டும். எக்ஸ்ட்ராக்டரின் நுனி கூர்மையாகவும் அதன் அடி தூசியில்லாமலும் இருக்க வேண்டும். ஸ்லைடு ஓடும் தடங்களுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும். ஸ்ட்ரைக்கர் ஓடும் துளைக்கு எண்ணெய் கூடாது, அங்கே எண்ணெய் கரியோடு சேர்ந்து பசையாகி அடியின் வலிமையைக் குறைக்கும்.

இதற்கு மேல், ஸ்ட்ரைக்கரையும் ட்ரிகர் தொகுதியையும் கழற்றுவது பயிற்சி பெற்றவரின் வேலை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பழுதுகளும் உண்டு. 2017 ஆகஸ்டில் சிக் சாவரின் மற்றொரு பிஸ்டலான பி320இல் வெளிப்பட்டது அப்படிப்பட்டது. ஸ்லைடின் பின்முனை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தரையில் மோதும்படி விழுந்தால், சட்டம் சட்டென நின்றுவிட, எடை மிகுந்த ட்ரிகர் தன் சடத்துவத்தால் பின்னோக்கித் தொடர்ந்து நகர்ந்து துப்பாக்கியைச் சுட வைத்தது. ஒவ்வொரு பாகமும் தன் அளவில் குறையற்றே இருந்தது; பிரித்துப் பார்த்த எவருக்கும் அது தென்பட்டிருக்காது. நிறுவனம் எடை குறைந்த ட்ரிகரையும் மாற்றிய உட்பாகங்களையும் இலவசமாகப் பொருத்தித் தந்தது.

மறுபடி பூட்டியபின் தோட்டாவும் மேகசினும் இல்லாமல், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து இயக்கத்தைச் சோதிக்க வேண்டும். ஸ்லைடைப் பலமுறை இழுத்து விட்டு, அது ஒவ்வொரு முறையும் தானாக முழுவதும் மூடுகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அதன்பின் ட்ரிகரை அழுத்திச் சொடுக்கொலி கேட்டதும், விரலை எடுக்காமல் ஸ்லைடை இழுத்து விட்டு, ட்ரிகரை மெல்லத் தளர்த்தினால் அது தன் இடத்துக்கு வந்து மாட்டும் சிறு துள்ளல் விரலுக்குத் தெரிய வேண்டும். துள்ளல் இல்லையென்றால் அந்தத் துப்பாக்கியில் தோட்டா ஏற்றாமல் தயாரிப்பாளருக்கே அனுப்ப வேண்டும். பழுதுபார்த்துத் திரும்பி வரும் பிஸ்டலையும் புதியதாகவே கருதி, எண்ணிட்ட அதே மேகசின்களோடும் அதே வகைத் தோட்டாக்களோடும் முதல் 200லிருந்து தொடங்கிச் சுட்டுப் பார்க்க வேண்டும்.