பண்பாடு, கலாசாரம், சமூக மாற்றம்: எந்தச் சொல் எதற்கு?

சமூகவியலில் 'கல்ச்சர்' என்பதற்குத் தமிழ் தேடினால் சிங்கப்பூரில் மூன்று சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. அரசு அமைச்சு ஒன்றின் பெயரில் இருப்பது கலாசாரம். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தின் பெயரில் இருப்பது மரபுடைமை. மேடையிலும் கட்டுரையிலும் பண்பாடு. செய்தியில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டாலும் குடி முழுகிவிடாது. சமூகவியல் எழுத உட்கார்ந்தால்தான் இடிக்கும்.

ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீனில் இருக்கிறது: கோலெரே, அதாவது நிலத்தை உழுது பேணுதல். அதிலிருந்து குல்தூரா. வயலுக்கு உரிய அந்தச் சொல்லை மனத்துக்குக் கொண்டுபோனவர் ரோமானியப் பேச்சாளர் சிசரோ. மெய்யியலை அவர் உள்ளத்தின் உழவு என்றார். பிறகு 1871இல் ஆங்கில மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் கொடுத்த வரையறை இன்றுவரை பாடநூல்களில் முதலில் வருகிறது. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கநெறி, சட்டம், வழக்கம் என்று சமூகத்தில் ஓர் ஆளாக இருப்பதால் மனிதன் பெறுகிற எல்லாம் சேர்ந்த முழுமையே அது. 'பெறுகிற' என்பதில்தான் உயிர் இருக்கிறது. ரத்தத்தில் வருவதல்ல, பழகி வருவது. உயர்வு தாழ்வும் இந்த வரையறைக்குள் இல்லை. (டைலர் சமூகங்களைப் படிப்படியாக அடுக்கிப் பார்த்தவர்தான். அந்த அடுக்கு போய்விட்டது, வரையறை நின்றுவிட்டது.)

பண்பாடு இதற்கு வியக்கத்தக்க பொருத்தம். பண்படுத்துதல் என்றால் நமக்கும் முதலில் நினைவுக்கு வருவது நிலம்தான். 1937 வாக்கில் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் இந்தப் பொருளில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். சொல் புதிது, வேர் பழையது. 'பண்பெனப் படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்கிறது கலித்தொகை.

சிக்கலும் அந்த வேரிலேயே இருக்கிறது. பண்பு என்றாலே நற்பண்பு. 'பண்புடையார்ப் பட்டுண்டு உலகம்' என்ற வள்ளுவர் திருடனின் பண்பைச் சேர்த்துச் சொல்லவில்லை. ஒருவரைப் பண்பாடு இல்லாதவர் என்றால் அது வசை. சமூகவியலிலோ பண்பாடு இல்லாத மனிதக் கூட்டமே கிடையாது, பிக்பாக்கெட் கும்பலுக்கும் உண்டு. ஆகவே சமூகவியலில் பண்பாடு என்று எழுதுங்கள், ஆனால் அதிலுள்ள பாராட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுங்கள் என்பேன்.

கலாசாரம் வடமொழி: கலையும் ஆசாரமும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் கலாச்சாரம் என்று ஒற்றுப் போடுகிறார்கள், இங்கேயும் இலங்கையிலும் ஒற்று இல்லாமல் எழுதுகிறோம். 'கல்ச்சர்' என்ற ஒலியும் இந்தச் சொல் பரவ ஒரு கை கொடுத்திருக்கும் என்பது என் ஐயம். ஆனால் பேச்சு வழக்கில் அது மேடையளவுக்குச் சுருங்கிவிட்டது. சமூக மன்றத்தில் 'கலாசார இரவு' என்றால் பரதமும் பட்டுப்புடவையும் என்று யாரும் சொல்லாமலே தெரியும். மரபுடைமை முன்னோர் விட்டுச்சென்றதை மட்டும் குறிக்கும். நாகரிகம் நகரத்தோடு ஒட்டிய சொல், அதை வேறு கட்டுரைக்கு விட்டுவிடலாம்.

சமூகவியலாளர் பார்க்கும் பண்பாடு எங்கே இருக்கிறது? மதிய நேரத்தில் உணவங்காடி நிலையத்துக்குப் போங்கள். மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடக்கும், ஆள் இருக்கமாட்டார். யாரும் அங்கே உட்காரமாட்டார்கள். இடத்தை 'ச்சோப்' பண்ணியாயிற்று என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு சட்டம் இல்லை, யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தரவும் இல்லை. பக்கத்துக் கடையில் நம் பெரியவர் ஒருவர் 'தே ஓ கோசோங்' என்பார், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். 'ஓ' ஹொக்கியன் சீனம், 'கோசோங்' மலாய், வாங்குகிறவர் தமிழர். இதில் எதுவும் கலாசார இரவின் நிகழ்ச்சி நிரலில் ஏறாது. இந்த உணவங்காடிக் கலாசாரத்தைத்தான் 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

சமூக மாற்றம் என்ற சொல்லிலும் இதே வம்பு, வேறு பக்கத்திலிருந்து வருகிறது. (குமுக மாற்றம் என்று எழுதுவோரும் உண்டு. தனித்தமிழ்ப் பற்றாளர்களைத் தாண்டி அது வரவில்லை.) பேச்சில் மாற்றம் என்றதும் முன்னேற்றம் என்று காதில் விழுகிறது. சமூகவியலில் அதற்கு அந்த உறுதிமொழி இல்லை. உறவுகளின் அமைப்பும் குடும்பம், தொழில், சட்டம் போன்றவற்றின் கட்டுமானமும் வேறாவதே சமூக மாற்றம், அது எந்தத் திசையில் போனாலும். 1961இல் இங்கே வந்த மாதர் சாசனம் என்ற சட்டம் முஸ்லிம் அல்லாதோரிடையே பலதார மணத்தைத் தடைசெய்தது. அது சமூக மாற்றம். திருமண விருந்தில் மொய் உறை போய்க் கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ் வந்தது கருவி மாற்றம். அங்கேயும் சிலர் 50 வெள்ளியோடு மறக்காமல் 1 வெள்ளி சேர்த்து 51 அனுப்புகிறார்களே, மாறாமல் நிற்கும் பண்பாடு அதுதான்.

கருவியும் பொருளும் முந்திக்கொள்ள, வழக்கமும் நம்பிக்கையும் பின்னால் வருவதை அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் ஆக்பர்ன் 1922இல் 'கல்ச்சரல் லேக்' என்று பெயரிட்டு விளக்கினார். தமிழ்ப் பாடநூல்களில் அதைப் பண்பாட்டுப் பின்னடைவு என்று எழுதுவதைப் பார்க்கலாம். எனக்கு இது ஒட்டவில்லை. பின்னடைவு என்றால் தோல்வி, சறுக்கல். ஆக்பர்ன் சொன்னது பிந்தி வருவதை. நம் ஊரில் குடும்பம் சிறிதாகி, ஆயுள் நீண்டு, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் 'வயசான காலத்தில் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்' என்ற பேச்சு பழையபடியே ஓடியது. 60 வயதோ அதற்கு மேலோ ஆன, தம்மைத் தாமே பேணிக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்க வழிசெய்யும் சட்டம் 1995இல் நிறைவேறியது. வாழ்க்கை மாறியதற்கும் ஏற்பாடு வந்ததற்கும் நடுவில் கிடக்கும் அந்தக் காலத்தைப் பண்பாட்டுப் பிந்தல் என்றால் போதும். பின்தங்கல் என்றும் வேண்டாம், அதிலும் ஒரு மட்டம்தட்டல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.