குரூப்திங்க்: தமிழில் என்ன சொல்லலாம்?

வெளியுறவுக் கொள்கை பற்றிய எழுத்துகளில் ‘குரூப்திங்க்’ அடிக்கடி தென்படும் சொல். தமிழில் இதைக் ‘குழுச் சிந்தனை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. நாலு பேர் கூடி யோசிப்பதை நல்ல காரியமாகத்தான் தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும். மூலச் சொல்லோ, நாலு பேர் கூடிய இடத்தில் யோசனையே நின்றுபோவதைக் குறிக்கிறது.

1952இல் ‘ஃபார்ச்சூன்’ இதழில் வில்லியம் எச். வைட் இச்சொல்லைக் கையாண்டார். அமெரிக்கச் சமூகத்தில் வளர்ந்துவந்த, கூட்டத்தோடு இணங்கிப்போகும் போக்கைச் சாடுவதே அவர் நோக்கம். அரசியல் முடிவுகளை ஆராயும் கலைச்சொல்லாக அதை ஆக்கியவர் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் இர்விங் ஜேனிஸ். ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் வரும் ‘டபுள்திங்க்’ (முரணான இரண்டை ஒருசேர நம்புவது) என்ற சொல்லின் கசப்பு இதிலும் ஒட்டட்டும் என்று அவர் வேண்டுமென்றே விரும்பினார். 1972இல் வெளிவந்த அவருடைய நூல், ஒரு குழுவின் ஒற்றுமை விருப்பம், மாற்று வழிகளை நேர்மையாக எடைபோடும் திறனை விழுங்கிவிடுவதையே இச்சொல்லால் குறித்தது.

அவரை உறுத்திய நிகழ்வு கியூபாவின் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு. 1961 ஏப்ரல் 17 அன்று, கியூபத் தலைவர் காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ பயிற்சியளித்த சுமார் 1,400 கியூப அகதிகள் அங்கே கரையிறங்கினார்கள். மூன்று நாட்களுக்குள் எல்லாம் முடிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். திட்டம் தோற்றால் எஸ்காம்பிரே மலைக்குள் ஓடிவிடலாம் என்று வாஷிங்டனில் நம்பிக்கொண்டிருந்தார்கள். முதலில் தேர்ந்த திரினிதாத் கரையிலிருந்து அது சாத்தியம். இடத்தை மாற்றிய பிறகு, மலைக்கும் கரைக்கும் நடுவே சுமார் 130 கிலோமீட்டர் சதுப்பும் காடும் கிடந்தன. வரைபடத்தை விரித்துப் பார்த்திருந்தாலே போதும். திட்டத்தைப் பேசி முடிவுசெய்த அறையில் இருந்தவர்கள் யாரும் மூடர்கள் அல்லர். ஹார்வர்டின் வரலாற்றுப் பேராசிரியரும் இருந்தார்.

அந்தப் பேராசிரியர்தான் ஆர்தர் ஷ்லெசிங்கர். திட்டம் தவறென்று அமெரிக்க அதிபர் கென்னடிக்குத் தனிக்குறிப்பு எழுதிக் கொடுத்தவர், கூட்டங்களில் பெரும்பாலும் வாய்மூடி இருந்ததற்காகப் பின்னர் வருந்தினார். அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி ஒரு விருந்தில் அவரைத் தனியே அழைத்து, அதிபர் முடிவெடுத்துவிட்டார், இனி வற்புறுத்த வேண்டாம் என்றார். மாற்றுக் கருத்து தலைவரை எட்டாமல் தடுக்கும் இத்தகைய ஆளை ஜேனிஸ் ‘மனக்காவலர்’ என்ற பொருளில் அழைக்கிறார். கடிந்து சொல்வார் இல்லாத ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்’ தானே கெடுவான் என்கிறது குறள். இங்கே இடிப்பார் இருந்தார்; வாசலில் ஒருவர் மறித்துவிட்டார்.

அதனால்தான் ‘ஒத்தூதுதல்’, ‘ஆமாம்சாமித்தனம்’ என்பவையும் இதற்குப் பொருந்தவில்லை. ஒத்தூதுபவருக்குத் தான் ஊதுவது தெரியும். குரூப்திங்கில் சிக்கியவரோ, தம் மனம் ஒப்பியே தலையசைத்ததாக நம்புகிறார். ‘மந்தை மனப்பான்மை’ தெருக்கூட்டத்துக்கு உரியது. இது பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட, ஒருவரையொருவர் மதிக்கும் அறைக்குரிய நோய்.

என் பரிந்துரை ‘இணக்கமயக்கம்’. ‘மயக்கம்’ என்றால் தெளிவின்மை மட்டுமன்று, கலத்தலும்கூட. இலக்கண நூல்களில் மெய்யெழுத்துகள் கூடும் மெய்ம்மயக்கம், திணைகள் கலக்கும் திணைமயக்கம் ஆகியவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி மனங்கள் ஒன்றில் ஒன்று கலப்பதும் அதனால் தெளிவு கெடுவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. சற்று நீளம்தான், புழங்கினால் பழகிவிடும்.

இது மாறாத குணமும் அன்று. 1962 அக்டோபரில் சோவியத் ஏவுகணைகள் கியூபாவில் இருப்பது தெரியவந்தபோது, கூடியவர்களில் பலர் அதே பழைய ஆட்கள். ஆனால் கென்னடி சில கூட்டங்களில் வேண்டுமென்றே கலந்துகொள்ளவில்லை. குழுவைப் பிரித்து, ஒரு தரப்பின் யோசனையை மறுதரப்பைக் கொண்டு குடையவைத்தார். உடனடி விமானத் தாக்குதல் என்று தொடங்கிய பேச்சு, கடல்வழி முற்றுகை என்ற முடிவில் நின்றது.

ஜேனிஸின் விளக்கத்தை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. 1961இல் கென்னடியை உந்தியது குழுப்பாசத்தைவிட உள்நாட்டு அரசியல் கணக்கே என்று வாதிடுவோர் உண்டு. தேர்தலில் காஸ்ட்ரோவுக்கு எதிராக முழங்கியவர் அவர். இந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆய்வுக்கூடச் சோதனைகளும் ஜேனிஸுக்குக் கலவையான ஆதரவையே தந்துள்ளன.

ஆகவே, தோற்ற முடிவுகளுக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டக்கூடாது. ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அமெரிக்க உளவு அமைப்புகள் முன்கூட்டியே நம்பியதை, செனட் புலனாய்வுக் குழுவின் 2004ஆம் ஆண்டு அறிக்கை இச்சொல்லாலேயே விவரித்தது, அங்கே பொருந்துகிறது. 1941 டிசம்பரில் ஹிட்லர் அமெரிக்கா மீது போர் அறிவித்ததற்குப் பொருந்தாது. அது ஒரு தனிமனிதரின் முடிவு.